தீர்ப்பு வந்ததும் அரசியல் பேராசிரியரிடம் ஏன் போகிறார்கள்?

தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் அரசியல் சாசன நீதிமன்றம் ஒரு பெரிய தீர்ப்பைச் சொன்னால், அன்று மாலைச் செய்தியில் பெரும்பாலும் இரண்டு பேரை அழைத்துப் பேச வைப்பார்கள். ஒருவர் வழக்கறிஞர். இன்னொருவர் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் பேராசிரியர். முதலாமவர் ஏன் வந்தார் என்று யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டாமவரைப் பற்றித்தான் டர்பன் வீடுகளில் கேள்வி எழும்: கறுப்பு அங்கி போட்டுக் கோர்ட்டில் வாதாடியவர் இல்லை, எந்தக் கட்சியிலும் இல்லை, அப்புறம் தீர்ப்பைப் பற்றி இவர் என்ன சொல்லப் போகிறார்? மகள் சட்டம் படிக்கப் போகிறேன் என்றால் சந்தோஷப்படுகிற பெற்றோர், அரசியல் துறையில் சேர்ந்து நீதிமன்றங்களை ஆராயப் போகிறேன் என்றால் "அது என்ன வேலை, அதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்" என்று கேட்பதும் இதே குழப்பத்தில்தான்.

இந்தத் துறை எதைப் பற்றியது, அதில் ஒருவர் வாழ்நாள் முழுவதும் என்னதான் செய்கிறார் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். உதாரணங்களைக் கூடியவரை இந்த நாட்டு வழக்குகளிலிருந்தே எடுக்கிறேன். 1860-இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கிய ஒப்பந்தக் கூலிகளில் தொடங்கி, நாம் எங்கே குடியிருக்கலாம், யாருடைய திருமணம் செல்லும், பிள்ளைகள் எந்தக் கல்லூரிக்குப் போகலாம் என்பதையெல்லாம் சட்டமும் தீர்ப்பும்தான் முடிவு செய்திருக்கின்றன. அதனால் இந்தத் துறை நமக்கு அந்நியமானதே இல்லை.

ஒரே வழக்கு, இரண்டு கேள்விகள்

1997-இல் டர்பனைச் சேர்ந்த ஒருவர், சிறுநீரகங்கள் செயலிழந்த நிலையில், அடிங்டன் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் கேட்டார். இயந்திரங்கள் குறைவு என்பதால், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியானவர்களுக்கே நிரந்தர டயாலிசிஸ் என்று மருத்துவமனை ஒரு விதி வைத்திருந்தது. அவருக்கு இதய நோயும் இருந்ததால் அந்த வரிசையில் இடம் கிடைக்கவில்லை. வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. சுப்ரமணி வழக்கு என்று இன்று சட்டக் கல்லூரிகளில் படிப்பது இதைத்தான்.

வழக்கறிஞர் இந்த வழக்கில் கேட்பது இது: அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 27ஆவது பிரிவு சொல்கிறதே, டயாலிசிஸ் அவசர சிகிச்சைக்குள் வருமா? வராது என்றது நீதிமன்றம். அது தொடர்ந்து கொடுக்க வேண்டிய சிகிச்சை, மாகாண அரசு இருக்கிற பணத்தை நியாயமான முறையில் பங்கிட்டிருந்தால் அதில் தலையிடத் தயங்குவோம் என்று சொல்லிவிட்டது. அவர் தோற்றார், விரைவிலேயே இறந்தும் போனார்.

சட்டமும் அரசியலும் படிக்கிற பேராசிரியர் இந்த இடத்தில்தான் தன் வேலையைத் தொடங்குகிறார். ஐந்தே வருடம் கழித்து, 2002-இல், அதே நீதிமன்றம் கர்ப்பிணிகளிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தை அரசு மருத்துவமனைகளில் கொடுத்தாக வேண்டும் என்று அரசுக்கு உத்தரவு போட்டது. அரசாங்கத்தின் மருத்துவக் கொள்கையில் தலையிடத் தயங்கிய நீதிமன்றம் எப்படி ஐந்து வருடத்தில் தைரியமாகத் தலையிட்டது? நெவிரபினைத் தயாரித்த நிறுவனம் ஐந்து வருடத்துக்கு இலவசமாகத் தர முன்வந்திருந்தது, டயாலிசிஸுக்கோ செலவு அதிகம், இது ஒரு காரணம், இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் இது மட்டுமே காரணம் இல்லை. 1997-இல் ஒரு நோயாளி, தனி மனிதராக, நேரமே இல்லாத நிலையில் கோர்ட்டுக்குப் போனார். 2002-இல் வந்தது ஓர் இயக்கம். சிகிச்சைச் செயல் இயக்கம் வழக்கு போடும் முன்பே தெருவில் ஊர்வலம் போயிருந்தது, மருத்துவர்களைத் தன் பக்கம் சேர்த்திருந்தது, தொழிற்சங்கங்களையும் திருச்சபைகளையும் கூட்டியிருந்தது, ஆதாரங்களை அடுக்கி வைத்திருந்தது. தீர்ப்பு வந்த பிறகும் அது நிறைவேறுகிறதா என்று மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்ப் பார்த்தது.

கோர்ட்டுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்பது கோர்ட்டுக்குள் நடப்பதை மாற்றுகிறதா, எந்த அளவுக்கு மாற்றுகிறது? இந்தத் துறையின் மையக் கேள்வி இதுதான். சட்டப் புத்தகத்தில் இதற்கு விடை கிடையாது, ஆனால் இந்த விடை தெரியாமல் எந்தத் தீர்ப்பையும் முழுதாகப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

அடிக்கடி காதில் விழும் நான்கு சொற்கள்

1. சட்டவழித் திரட்டல்: ஒரு கோரிக்கையை உரிமையாக மாற்றி, அதைச் சுற்றி ஆட்களைத் திரட்டி, வழக்கையும் போராட்டத்தின் ஒரு பகுதியாக ஆக்குவது. நெவிரபின் வழக்கு இதற்கு உலகம் முழுவதும் காட்டப்படும் உதாரணம்.

2. அரசியலின் நீதிமன்றமயம்: கட்சிகளும் நாடாளுமன்றமும் பேசித் தீர்க்க வேண்டிய சண்டைகள் நீதிபதிகளிடம் போய்ச் சேருவது. ஜனாதிபதி மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் ரகசிய வாக்கெடுப்பு நடத்த சபாநாயகருக்கு அதிகாரம் உண்டா என்பது 2017-இல் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனதே, அது இந்த வகை.

3. சட்டப்போர்: எதிரியை வீழ்த்தவோ, விசாரணையை இழுத்தடிக்கவோ சட்டத்தை ஆயுதமாக்குவது. இந்தச் சொல்லை இப்போது எல்லாக் கட்சியும் அடுத்த கட்சியைப் பார்த்துத்தான் சொல்கிறது, அதனால் யார் சொல்கிறார்கள் என்று கவனித்துக் கேட்க வேண்டும்.

4. தாங்கும் அமைப்பு: உரிமைகள் காகிதத்திலிருந்து இறங்கி வர வழக்கறிஞர்கள், பணம், சங்கங்கள் வேண்டும் என்ற கருத்து. சார்ல்ஸ் எப் என்ற அமெரிக்க அறிஞர் 1990களில் இந்தியா உட்பட நான்கு நாடுகளை ஒப்பிட்டு இதை வலியுறுத்தினார்.

நான்காவதற்கு நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. டர்பனில் ஒரு பள்ளி மாணவி மூக்குத்தி போட்டு வந்ததைப் பள்ளி நிர்வாகம் ஏற்கவில்லை. தாயார் முதலில் போனது சமத்துவ நீதிமன்றத்துக்கு, 2000-இல் வந்த சட்டத்தால் உருவான, சாதாரண மனிதர்கள் எளிதாக அணுகும்படி அமைத்த நீதிமன்றம் அது. அங்கே தோல்வி, மேல் நீதிமன்றத்தில் வெற்றி, கடைசியில் 2007 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் மாணவியின் பக்கம் நின்றது. தென்னிந்தியப் பெண்கள் பரம்பரையாகப் போடுகிற மூக்குத்தி மதக் கட்டாயமா, வெறும் வழக்கமா என்று வாதம் நடந்தது. கட்டாயம் இல்லாவிட்டாலும், தானாக விரும்பிக் கடைப்பிடிக்கிற வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்று தலைமை நீதிபதி பயஸ் லங்கா எழுதினார். பிள்ளை வழக்கு என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பலர் கவனிக்காத ஒன்று, அந்த வழக்கில் நீதிமன்றத்துக்கு உதவும் மூன்றாம் தரப்பாக நேட்டால் தமிழ் வேத சங்கத்தின் அறக்கட்டளையும் சேர்ந்திருந்தது. ஒரு குடும்பத்தின் வழக்கு ஒரு சமூகத்தின் வழக்காக மாறியது அப்படித்தான்.

ஒரு பேராசிரியரின் பாதை

1. படிப்பு. இங்கே மூன்று வருட இளங்கலை, ஒரு வருட ஆனர்ஸ், பிறகு முதுகலை, பிறகு முனைவர் பட்டம். சட்டப் பட்டம் கட்டாயம் இல்லை, இரண்டையும் படித்தவர்களும் இருக்கிறார்கள். அரசியலில் முனைவர் பட்டம் வாங்கியதால் கோர்ட்டில் வாதாட முடியாது, இதை மாணவர்கள் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

2. முனைவர் ஆய்வு. வாழ்க்கையின் திசை பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. புளூம்ஃபான்டீனில் இருந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பல வருடத் தீர்ப்புகளை எடுத்துக்கொண்டு, வழக்குப் போட்டவர் யார், எதிர்த்தரப்பு அரசா கம்பெனியா தனி ஆளா, எந்த நீதிபதி எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் குறித்து எண்ணுகிறவர்கள் உண்டு. மார்க் கேலன்டர் என்ற சட்ட அறிஞர் 1974-இல் எழுதிய ஒரு கட்டுரைதான் இந்தக் கணக்குக்கு அடிப்படை. அடிக்கடி கோர்ட்டுக்கு வருகிற வங்கியும் அரசும், வாழ்நாளில் ஒரே தடவை வருகிற தனி மனிதரைவிட ஏன் முந்துகிறார்கள் என்பதை அதில் அவர் விளக்கினார். பணம் மட்டும் காரணம் இல்லை, எந்த வழக்கைக் கடைசி வரை நடத்துவது, எதைத் தீர்ப்புக்கு முன்பே சமாதானமாக முடிப்பது என்று தேர்ந்தெடுக்கும் வசதி அவர்களுக்கு இருக்கிறது. வேறு சிலர் எண்ணிக்கை பக்கமே போகாமல் ஆவணக் காப்பகத்திலும் வழக்குக் கட்டுகளிலும் உட்காருவார்கள், ஓய்வு பெற்ற நீதிபதிகளிடம் பேட்டி எடுப்பார்கள். பதவியில் இருக்கும் நீதிபதி மனம் திறந்து பேசுவது அபூர்வம்.

3. வேலை. விரிவுரையாளர், முதுநிலை விரிவுரையாளர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று படிகள். தென்னாப்பிரிக்காவில் பேராசிரியர் என்ற பட்டம் மேல் படியில் இருப்பவருக்குத்தான், பதினைந்து இருபது வருடம் பிடிப்பது சாதாரணம். அங்கீகரிக்கப்பட்ட ஆய்விதழில் கட்டுரை வந்தால் பல்கலைக்கழகத்துக்கு அரசு மானியம் கொடுக்கிறது, தேசிய ஆய்வு நிறுவனம் ஆய்வாளர்களை ஏ, பி, சி என்று தரம் பிரிக்கிறது. பதவி உயர்வில் இவையெல்லாம் பார்க்கப்படும். டிவியில் வந்த நேரத்துக்கு இதில் பெரிதாக மதிப்பெண் கிடையாது.

4. இரண்டாவது பெரிய ஆய்வு. ஒரு நாட்டை நன்றாகத் தெரிந்துகொண்டவர் அதை இன்னொரு நாட்டோடு ஒப்பிடத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான். உலகத்தின் பல சட்ட-அரசியல் அறிஞர்கள் தென்னாப்பிரிக்காவுக்கு வந்து சேர்வதும் அப்போதுதான், காரணம் கீழே.

இந்தப் பாதை நம்மவர்களுக்கு நீண்ட காலம் அடைபட்டுக் கிடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1959-இல் வந்த சட்டம் வெள்ளையர் பல்கலைக்கழகங்களின் கதவை மற்றவர்களுக்கு மூடியது, அனுமதிச் சீட்டு வாங்கினால்தான் உள்ளே போக முடியும். இந்தியர்களுக்கென்று 1961-இல் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் ஒரு கல்லூரி திறந்தார்கள். அதுதான் பிறகு டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாகி, 2004-இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றைய குவாஸூலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆனது. வழக்கறிஞர்கள் நிலையும் இதுதான். பின்னாளில் நாட்டின் தலைமை நீதிபதியான இஸ்மாயில் மஹோமெட், இந்தியர் என்பதால் புளூம்ஃபான்டீனில் வாதாடிய நாட்களில் இரவு அந்த மாகாணத்தில் தங்க முடியாது. டர்பன் கிளேர்வுட்டில் பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்து, பின்னாளில் ஐ.நா. மனித உரிமை ஆணையரான நவநீதம் பிள்ளை, வழக்கறிஞராக இருந்த காலத்தில் நீதிபதியின் அறைக்குள் நுழைய முடியாது. சட்டத்தின் நடுநிலையைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது இந்த இரண்டு செய்திகளையும் விட்டுவிட்டால் அந்தப் பாடம் அரைகுறைதான்.

உலக அறிஞர்கள் ஏன் இங்கே வருகிறார்கள்

ஒரே நாட்டில், சட்டமும் அரசியலும் மோதுகிற கிட்டத்தட்ட எல்லா விதமும் நடந்திருக்கிறது.

1913-ஐ எடுத்துக்கொள்வோம். கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சேர்ல், ஒரு முஸ்லிமின் மனைவி நாட்டுக்குள் வருவது சம்பந்தமான வழக்கில், பலதார மணத்தை அனுமதிக்கும் மதப்படி நடந்த திருமணத்தைச் சட்டம் ஏற்காது என்றார். இந்துத் திருமணமும் அதில் சிக்கியது. ஒரே தீர்ப்பில் நம் பாட்டிமார் எல்லோரும் சட்டப்படி மனைவி இல்லை என்றாகிவிட்டது. பெண்கள் சத்தியாகிரகத்தில் இறங்கக் காரணம் அது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கியவர்கள் வருடந்தோறும் கட்ட வேண்டியிருந்த மூன்று பவுண்டு வரியைப் பற்றிப் பேசி வேலை நிறுத்தம் செய்ய வைத்தார்கள். சிறைக்குப் போன தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இறந்தார். அதே வருடம் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் திருமணங்களை ஏற்றது, வரியையும் நீக்கியது. கோர்ட்டில் இழந்ததைத் தெருவில் போராடி, நாடாளுமன்றத்தில் சட்டமாக வாங்கினார்கள். இதைத் தியாக வரலாறாக மட்டுமே நாம் சொல்லி வருகிறோம். சட்டவழித் திரட்டலின் பாடமாகவும் இதைப் படிக்க வேண்டும், அந்தப் பெண்களின் அரசியல் அறிவுக்கு அதுதான் மரியாதை.

அடுத்து 1950கள். கேப் மாகாணத்தில் கலப்பின மக்களின் வாக்கைப் பொதுப் பட்டியலிலிருந்து பிரிக்க 1951-இல் சட்டம் வந்தது. இரு சபையும் ஒன்றாக உட்கார்ந்து மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு நிறைவேற்ற வேண்டியதைச் சாதாரணப் பெரும்பான்மையில் செய்தார்கள் என்று 1952-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சரி, நீதி வென்றது என்று அங்கேயே கதையை முடித்துவிட முடியாது. நாடாளுமன்றத்தையே உயர் நீதிமன்றமாக்கும் சட்டம் கொண்டு வந்தார்கள், அதுவும் ரத்தானது. 1955-இல் இத்தகைய வழக்குகளுக்கு 11 நீதிபதிகள் என்று மாற்றிப் புது நீதிபதிகளை நியமித்தார்கள், செனட்டை 48-இலிருந்து 89 இடங்களாகப் பெருக்கி மூன்றில் இரண்டு பங்கைத் தயாரித்தார்கள். அடுத்த வழக்கு வந்தபோது 10க்கு 1 என்று அரசு ஜெயித்தது. ஆளும் கூட்டணியை எதிர்த்து ஒரு நீதிமன்றம் நீண்ட நாள் நிற்க முடியாது என்று அரசியல் அறிஞர் ராபர்ட் டால் 1957-இல் அமெரிக்காவை வைத்து எழுதியதை, இங்கே ஏற்கெனவே கண்ணால் பார்த்திருந்தார்கள்.

மூன்றாவது, 1990கள். நாடாளுமன்றமே எல்லாம் என்று நாற்பது வருடம் சொன்ன வெள்ளையர் ஆட்சி, அதிகாரம் கைமாறும் நேரத்தில் மட்டும் உரிமைப் பட்டியலையும் வலுவான நீதிமன்றத்தையும் ஏன் ஏற்றது? தேர்தலில் இழக்கப் போவதைச் சாசனத்தில் பாதுகாத்து வைப்பதற்காக என்கிறார் ரான் ஹிர்ஷல். தோற்கப் போகிறோம் என்று நினைக்கும் கட்சிக்கு நீதிமன்றம் ஒரு காப்பீடு என்கிறார் டாம் கின்ஸ்பர்க். இந்த விளக்கங்களில் உண்மை இருக்கிறது, ஆனால் விடுதலை இயக்கமும் உரிமைப் பட்டியலைக் கேட்டது என்பதற்கு இவற்றில் இடம் குறைவு. ஒப்பந்தம் போட்ட இரண்டு தரப்புக்கும் காரணம் இருந்தது.

துறைக்குள் தீராத சண்டைகள்

நீதிமன்றத்தால் சமூகத்தை மாற்ற முடியுமா என்பதில் இவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஜெரால்டு ரோசன்பர்க் 1991-இல் அமெரிக்க வழக்குகளை வைத்து, நாடாளுமன்றமும் நிர்வாகமும் கை கொடுக்காவிட்டால் தீர்ப்பு தனியாக எதையும் நகர்த்தாது என்றார். இல்லை, வழக்கே ஆட்களைக் கூட்டுகிறது, தோற்றாலும் பயன் உண்டு என்று எதிர்த்து எழுதியவர்கள் உண்டு. இங்கே 2000-இல் க்ரூட்பூம் வழக்கில் வீட்டுரிமைக்குக் கிடைத்த தீர்ப்பை உலகமே பாராட்டியது, வழக்குப் போட்ட அம்மையார் 2008-இல் தனக்கென்று முறையான வீடு கிடைக்காமலேயே இறந்தார். நெவிரபின் வழக்கில் இயக்கம் பின்தொடர்ந்தது, இதில் அப்படிப் பின்தொடர வலுவான அமைப்பு இல்லை.

இன்னொரு கேள்வி பொது நம்பிக்கை. பிடிக்காத தீர்ப்பையும் மக்கள் ஏற்பார்களா என்பதை ஜேம்ஸ் கிப்சன் போன்றவர்கள் தென்னாப்பிரிக்க மக்களிடம் கருத்துக் கணிப்பு நடத்தி ஆராய்ந்தார்கள். புதிய நீதிமன்றத்துக்கு அந்த நம்பிக்கை உடனே வந்துவிடாது, மெல்லத்தான் சேரும் என்பது அதில் தெரிந்தது. இது ஏட்டுக் கேள்வி இல்லை. 2021 ஜூன் 29-இல் முன்னாள் ஜனாதிபதி ஜேக்கப் சூமாவுக்கு நீதிமன்ற அவமதிப்புக்காக 15 மாதச் சிறை என்று தீர்ப்பு வந்தது, அதிலும் இரண்டு நீதிபதிகள் உடன்படவில்லை. அவர் சிறைக்குப் போன சில நாட்களில் குவாஸூலு-நேட்டாலும் ஹௌடெங்கும் எரிந்தன, 350 பேருக்கு மேல் இறந்தார்கள், டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் பீனிக்ஸில் மட்டும் 36 பேர். தீர்ப்பு திரி என்றால், வேலையின்மையும், கட்சிக்குள் நடந்த சண்டையும், காவல் துறை காணாமல் போனதும், இனங்களுக்கு நடுவே நாம் சரிசெய்யாமல் விட்ட அவநம்பிக்கையும் அங்கே ஏற்கெனவே குவிந்திருந்தன. தீர்ப்பு சட்டப்படி சரியா என்று வழக்கறிஞர் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். அதற்கப்புறம் நடந்ததை விளக்கப் பல வருட ஆய்வு வேண்டும், அதைச் செய்ய ஆட்கள் வேண்டும், பீனிக்ஸையும், அதற்குப் பக்கத்தில் கறுப்பின மக்கள் வாழும் இனாண்டாவையும், இரண்டையும் தெரிந்த ஆட்கள் வேண்டும்.

டிவியில் பேசுபவரை எப்படி எடைபோடுவது

1. நீதிபதியின் பெயரைச் சொல்லி "இவர் அந்தக் கட்சி ஆள்" என்று முடித்துவிட்டால் அது ஆய்வு இல்லை. நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் நீதித்துறைச் சேவை ஆணையத்தில் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இருக்கிறார்கள், வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள், நேர்காணல் எல்லோரும் பார்க்கும்படிதான் நடக்கிறது. அரசியல் சாசன நீதிமன்றத்தில் ஓர் இடம் காலியானால் ஆணையம் நான்கு பெயர் கொடுக்கும், அதிலிருந்து ஜனாதிபதி ஒருவரைத் தேர்வு செய்வார். இந்த ஏற்பாட்டில் எந்த இடத்தில் அரசியல் நுழைகிறது என்று காட்டுகிறாரா என்று பாருங்கள்.

2. இதே நீதிமன்றம் முன்பு எதிர்ப்பக்கம் சொன்ன தீர்ப்பை எடுத்து வைத்துப் பேசுகிறாரா? தன் விளக்கத்துக்குப் பொருந்தாத வழக்கையும் சேர்த்துச் சொல்கிறவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கலாம்.

3. தீர்ப்பை யார் நிறைவேற்றுவார்கள், எந்தத் துறையின் பணத்தில், எந்தத் தேதிக்குள், செய்யாவிட்டால் யார் திரும்பக் கோர்ட்டுக்குப் போவார்கள் என்று சொல்கிறாரா? நிகழ்ச்சி நடத்துபவர் இதைக் கேட்பது குறைவு. நேயர் அழைப்பு எடுக்கும் வானொலி நிகழ்ச்சி என்றால் நீங்களே போன் போட்டுக் கேளுங்கள்.